காற்று வராத மத்தியானம்

பல வருடங்களாக என் அண்ணனும் நானும் வெயிலையும் மழையையும் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அவர்களுடைய உடம்பைப் பற்றிப் பேசினோம். அவர்கள் போனபிறகு, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மனிதர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். அவருடைய சம்பந்தி வீட்டார் யாரையும் எனக்குத் தெரியாது. என் வேலையைப் பற்றிச் சொன்னால் அவருக்குப் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடுவேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார்.

“வெயில் எப்படிண்ணே?”

“நல்லா காயுதும்மா. பாத்திகிட்ட நிக்க முடியல.”

இதை அவர் சந்தோஷமாகத்தான் சொல்வார். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் உப்பளம் இருக்கிறது. மற்றவர்கள் மழைக்கு வானத்தைப் பார்ப்பார்கள் என்றால் அவர் வெயிலுக்குப் பார்ப்பார். தை பிறந்து மழை ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர் செய்வார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் உப்பு விளைந்து குவியும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் விளைந்தது அத்தனையும் கரைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆடியில் காற்று. ஐப்பசியில் மழை இறங்கியதும் உப்பளத்தை மூடிவிடுவார்கள். கார்த்திகை முழுக்கப் புயலுக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த வரிசை எனக்கு இன்னும் மறக்கவில்லை. லண்டனில் குளிரில் நடுங்கிக்கொண்டே, அங்கே வெயில் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

என் கணவர் மலேசியாவில் பிறந்தவர். படிக்க வந்து, இங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டார். வருடம் முழுவதும் ஒரே வெயிலும் ஒரே மழையுமாக இருக்கும் ஊரில் வளர்ந்தவர் என்பதால் இந்த நாட்டின் பருவங்கள் அவருக்குத் தீராத வேடிக்கை. இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கவே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். லண்டனின் தெற்கோரத்தில், சட்டனில், இந்த மேல்மாடி வீட்டை வாங்கலாம் என்று பிடிவாதம் பிடித்ததும் அவர்தான். வானம் நன்றாகத் தெரிகிறதாம். தலைக்கு மேல் தட்டையான தார்க்கூரை. அதற்கும் மேலே அவர் ஆசைப்பட்ட வானம். ஒரு பிப்ரவரி மாதம், பனி பெய்து ஓய்ந்திருந்த காலையில், மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். எனக்கு வெயில் என்றால் அவனுக்குக் குளிர். எனக்குப் பகல் என்றால் அவனுக்கு இரவு.

நான் ஒரு பாய்லர் பழுதுபார்க்கும் கம்பெனியில் தொலைபேசி எடுக்கிறேன். வீடு சூடாகவில்லை, குழாயில் வெந்நீர் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுடைய முகவரியைக் கேட்டு, ஆள் அனுப்ப நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. முன்பு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொரோனா வந்தபிறகு எல்லோரையும் வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னார்கள். பிறகு அந்த அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள். அதனால் எனக்கு மனிதக் குரல்கள் குளிர்காலத்தில்தான் கிடைக்கும். உறைபனி விழுகிற நாளில் மூச்சுவிட நேரம் இருக்காது. கோபப்படுவார்கள், அழுவார்கள், சிலர் ஆள் வரும்வரை கொஞ்சம் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்றுகூடக் கேட்பார்கள். ஏப்ரல் தாண்டினால் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும். ஜூலையில் காதில் மாட்டிய ஹெட்செட்டோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரே கோடைக்காலத்துக்கு ஏங்கும். எனக்குக் கோடை வந்தால் வீடு ஊமையாகிவிடும்.

பேசும்போது நடப்பது எனக்குப் பழக்கம். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு குளிர்காலப் பகலில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கம்பளி கவுன் போட்ட ஒரு பெண், ஏறக்குறைய என் வயது. தூக்கமில்லாத முகம்.

“தமிழோ?” என்று கேட்டார்.

“ஆமா.”

“நான் கீழ் வீட்டில இருக்கிறன். சூப்பர் மார்க்கெட்டில நைட் ஷிப்ட். விடியத்தான் வந்து படுக்கிறனான். நீங்கள் பகல் முழுக்க அங்கையும் இஞ்சையும் நடக்கிறியள். என்ர தலையில நடக்கிற மாதிரிக் கிடக்கு. படுக்க ஏலாமல் இருக்கு.”

“மன்னிச்சுக்குங்க. போன்ல பேசும்போது நடந்து பழகிடுச்சு.”

“நடக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. செருப்பைக் கழட்டிப்போட்டு நடவுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் வெறுங்காலோடு நடந்தேன். படிக்கட்டில் பார்த்தால் அவர், “குளிர் கூடிப்போச்சு, என்ன?” என்பார். நான், “ஆமாக்கா” என்பேன். அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

பிறகு அந்த ஜூலை வந்தது. இந்த நாடு அதுவரை காணாத வெயில் வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்பே டிவியில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வரைபடத்தில் லண்டன் கருஞ்சிவப்பாக இருந்தது. வெளியே போகாதீர்கள், திரையை மூடிவையுங்கள், தண்ணீர் குடியுங்கள், தனியாக இருக்கும் முதியவர்களை எட்டிப் பாருங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மகன் கூப்பிட்டான். “இங்க காலையில புல்லெல்லாம் ஃப்ராஸ்ட்மா. உங்களுக்கென்ன, ஊர் வெயில் வீடு தேடி வருது. என்ஜாய் பண்ணுங்க.”

அண்ணன் வாய்விட்டே சிரித்தார். “லண்டன்ல வெயிலா? அதுக்கு டிவில எச்சரிக்கை வேறயா? உனக்கு எங்கம்மா உறைக்கப்போகுது? உப்பளத்துல வெறுங்காலோட ஓடுன பொண்ணு நீ.”

வேலையில் என் மேற்பார்வையாளரும், காலைக் கூட்டத்தில் திரையில் எல்லோரும் பார்க்க, உனக்கு இது சொந்த ஊர் மாதிரி இருக்குமே என்றார். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். உண்மையில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இத்தனை வருடங்களில் இந்த ஊரில் எனக்குச் சுலபமாக வரக்கூடிய ஒன்று முதல் தடவையாக வருகிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். ஊரில் அப்படித்தான் செய்வோம். கடலோரத்தில் எவ்வளவு கொடுமையான கத்திரி வெயிலாக இருந்தாலும் உச்சி தாண்டியதும் காற்று திரும்பும். அதுவரை நிலத்திலிருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று நிற்கும். ஒரு நொடி ஒன்றும் அசையாது. பிறகு கடல் பக்கமிருந்து ஈரமாக ஒரு காற்று வரும். “கடக்காத்து எறங்கிருச்சு” என்று யாராவது சொல்வார்கள். கிழக்குப் பார்த்த கதவுகளெல்லாம் திறக்கும். அந்த நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து வெயிலைப் பொறுத்துக்கொண்டிருப்போம்.

இங்கே என் ஜன்னல்கள் ஒரு சாண் அளவுதான் திறக்கும். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கட்டடக்காரர்கள் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சாண் வழியாக அடுத்த தெருவின் அனல் முழுக்க என் வீட்டுக்குள் வந்தது. வெயில் இறங்கிய பிறகும் தார்க்கூரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் காலையில் சுவரைத் தொட்டால் தோசைக்கல் ஓரம்போல் சுட்டது. இருந்தாலும் வழக்கம்போலச் சுடச்சுட டீ போட்டுக் குடித்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

அன்று காலையில் வந்தது ஒன்றிரண்டு அழைப்புகள்தான். ஒரு வயதான அம்மாள், ரேடியேட்டர் நிற்கமாட்டேன் என்கிறது, இந்த வெயிலில் வீடு முழுவதும் கொதிக்கிறது என்று ஏறக்குறைய அழுதார். பாய்லர் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டு வந்து நின்றுவிட்டது என்றார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், திரையை மூடுங்கள் என்று டிவியில் கேட்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நீ நல்ல பெண், உன் வீட்டில் சூடாக இல்லையா என்று கேட்டார். எனக்கு வெயில் பழக்கம் என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் ஆயிற்று. தலை கனத்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் நின்றேன். கீழே தெருவில் ஒரு ஆள் இல்லை. எதிரே இருந்த மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. என் உடம்பு காற்றுக்குக் காத்திருந்தது என்பது இப்போது புரிகிறது. இதோ திரும்பிவிடும், இதோ வந்துவிடும் என்று நின்றிருக்கிறேன். கடலே இல்லாத சட்டனில் எந்தக் காற்று வரும்? வியர்வை நின்றுபோயிருந்தது. அதை நல்லது என்று நினைத்தேன்.

தண்ணீர் எடுக்கலாம் என்று சமையலறைக்குப் போனது நினைவிருக்கிறது. பிறகு தரை. கன்னத்தில் தரையின் சில்லிப்பு மட்டும் இதமாக இருந்தது. கையை ஊன்றி எழப் பார்த்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஹெட்செட் காதிலேயே இருந்தது. அழைப்பு வரும் ஓசை கேட்டது. எங்கள் முறைப்படி அது தானாகவே இணைந்துவிடும். ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில், “ஹலோ?” என்றது. நான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. “ஹலோ... யாராவது இருக்கிறீர்களா?” என்றார். என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சலிப்போடு ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? நான் அவருக்கு ஒரு கம்பெனியின் குரல்தானே.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை என் போன் வராவிட்டால்தான் தெரியும். மகனுக்கு இன்னும் தாமதமாகும். கம்பெனிக் கணினித் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மஞ்சளாக மாறும். மேற்பார்வையாளர், எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு செய்தி அனுப்புவார். அவ்வளவுதான். இதை நினைத்து நான் அழவில்லை. அழுவதற்கு உடம்பில் தண்ணீர் இருந்ததா என்றே தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு உள்ளங்கையால் ஓங்கி.

“அக்கா! அக்கா, உள்ளுக்கை நிக்கிறியளோ? கதவைத் திறவுங்கோ!”

எப்படிப் போனேன் என்று தெரியாது. தவழ்ந்தேன், இழுத்துக்கொண்டு போனேன். கதவின் பிடி அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. திறந்ததும் கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார். நைட்டியின் மேல் ஈரத்துண்டு.

“என்ன விழுந்தது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

 அவர் குனிந்து என் நெற்றியைத் தொட்டார். “ஐயோ, நெருப்பாய்க் கிடக்கு!” தோளில் கிடந்த துண்டை என் தலையில் போட்டார். சமையலறைக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். “ஒரேயடியாய்க் குடியாதேங்கோ. கொஞ்சம் கொஞ்சமாய்.” ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வெகுநேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்து, நினைவு இருக்கிறதா, பேசுகிறாரா என்றெல்லாம் கேட்டாள். வண்டி வர நேரமாகும், உடம்பைக் குளிர வையுங்கள், மோசமானால் மறுபடி கூப்பிடுங்கள் என்றாள். என் காதிலிருந்த ஹெட்செட்டில் இன்னொரு குரல் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றி, வாய்க்கருகே கொண்டுபோய், “ஷீ இஸ் சிக்” என்று உரக்கச் சொல்லிவிட்டு மேசையில் போட்டார்.

என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நிற்க முடியாததால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவரும் எனக்கு ஒரு படி கீழே, நான் உருண்டால் தாங்குவதற்காக, பின்பக்கமாகவே இறங்கினார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு ஊருக்குப் போனதுபோல் இருந்தது. ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. கனத்த திரைகளுக்கு மேல் ஈரப் படுக்கைவிரிப்புகள் தொங்கின. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் காலை அதில் வைக்கச் சொன்னார். உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தார்.

“ஜன்னலைத் திறந்தே வைச்சிருந்தனீங்கள்?”

“ஆமாக்கா. காத்து வரும்னு...”

“எந்தக் காத்து? இஞ்ச எங்க கடல்?” என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், “நானும் வந்த புதுசில அப்பிடித்தான் திறந்து வைச்சனான்” என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். இந்த மாதத்தில் அவர்கள் பக்கம் சோளகம் அடிக்கும் என்றார். தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. நாங்கள் ஆடிக்காற்று என்போம் என்றேன். கோடியக்கரையிலிருந்து கடலைப் பார்த்து நின்றால் எதிர்க்கரை உங்கள் ஊர்தான் என்றேன். அவர் நாற்காலிக் கைப்பிடியில் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தார்.

“அப்ப உங்களுக்கு வாற புயல் எங்களுக்கும் வந்திருக்கும்.”

“வந்திருக்கும்.”

“முதல் எங்களுக்கு. பிறகு உங்களுக்கு” என்றார். ஏதோ சொத்தைப் பங்கு பிரித்ததுபோல் அதில் அவருக்கு ஒரு திருப்தி.

சாயங்காலம் எனக்குத் தலை கொஞ்சம் தெளிந்தது. அவர் மறுபடி போன் செய்து, இனி ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் தூங்கும் நேரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றேன்.

“எங்க படுக்கிறது, இந்த வெக்கையில? முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். நீங்கள் நடக்கிறது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தொபுக்கெண்டு ஒரு சத்தம். அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. ஏதும் சாமான் விழுந்திருந்தால் எடுக்க நடப்பியள்தானே எண்டு பாத்தன். நடக்கேல்லை.” என் கோப்பையை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “சனி ஞாயிறிலயும் மேல சத்தம் இருக்காது. எங்கையோ போறியளாக்கும் எண்டு நினைக்கிறனான்.”

“எங்கயும் போறதில்ல. வீட்லதான் இருப்பேன்.”

அவர் தலையை ஆட்டினார். அவருடைய கணவர் எப்போதோ வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாராம். மகள் எட்மண்டனில், லண்டனின் மறுகோடியில். வயதாகிறதே, நைட் ஷிப்டை விடக்கூடாதா என்று கேட்டேன்.

“விடலாம். ராவில வீடு வெறிச்செண்டு கிடக்கும் அக்கா. வேலையெண்டால் லைட் எரியும், ஆக்கள் நிப்பினம். பகலில படுத்தால் வெளியில சத்தம் கேக்கும். தனிய எண்டு தெரியாது.”

அவர் அன்றும் வேலைக்குப் போனார். “கடையில ஏசி கிடக்கு, எனக்குப் பயமில்லை. நீங்கள் மேல போகாதேங்கோ. இஞ்சயே படுங்கோ” என்று தன் கட்டிலைக் காட்டிவிட்டு, அதுவரை பெயர்கூடக் கேட்காத என்னைத் தன் வீட்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். காலையில் ஒரு பை ஐஸ்கட்டியோடு வந்தார். அதற்குள் வானம் மூடியிருந்தது. வழக்கமான சாம்பல் நிற லண்டன் திரும்பி வந்திருந்தது. கட்டிடத்தில் ஒவ்வொருவராக ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். “என்னம்மா, வெயில் போயிடுச்சா?” என்று சிரித்தார். “போயிடுச்சுண்ணே” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கோடை முடியும்வரை நான் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கீழே போனேன். அவர் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு டீ போடுவார். பேசுவதற்கு அப்படி ஒன்றும் இருக்காது. என்றாலும் என் வாழ்க்கையில் யாரோ எனக்காகக் கோப்பை எடுத்து வைக்கும் நேரம் ஒன்று இருந்தது. இலைகள் உதிரத் தொடங்கிய மாதத்தில் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்பவேண்டும் என்பதால் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள்.

“பிள்ளையைப் பாக்க வேற ஆள் இல்லை. நான் போகத்தான் வேணும்” என்றார், ஏதோ என்னிடம் அனுமதி கேட்பதுபோல. “வராமல் விடாதேங்கோ.”

கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தேன். அவர் போன மறுவாரம் அந்த வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பார்த்தால் சிரிப்பார்கள். காதில் எப்போதும் பாட்டு.

ஐப்பசியில் ஊரில் மழை இறங்கியது. உப்பளத்தை மூடியிருந்தார்கள். அண்ணனுக்குச் செய்ய வேலை இல்லை. வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பேசினார். அவருடைய தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஏன் அன்று சொன்னேன் என்று தெரியவில்லை. ஆடியில் இங்கே வெயில் அடித்ததே, அன்று விழுந்துவிட்டேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்செட்டில் ஹலோ சொன்ன மனிதரைக்கூட.



“ஏம்மா அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா என்னண்ணே செஞ்சிருப்பீங்க?”

“ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. ஆனா சிரிச்சிருக்க மாட்டேன்.”

 அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, “நானும்தான் ஒண்ணு சொல்லல” என்றார். முந்தின வருடம் கார்த்திகைப் புயலின்போது, உப்பு அம்பாரத்தை மூடிய கீற்றைக் காற்று பிய்க்கிறது என்று தனியாக உப்பளத்துக்குப் போயிருக்கிறார். தண்ணீர் ஏறிவிட்டது. திரும்ப வழியில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரின்மேல் ஏறி, உத்தரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காற்று அடங்கும்வரை இருந்திருக்கிறார். அண்ணிக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லையாம்.

“அந்த ஞாயித்துக்கிழமை நான் கூப்பிட்டேனே. நல்ல மழைன்னுதானே சொன்னீங்க?”

“நல்ல மழைதானேம்மா அது” என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் இருமும்வரை சிரித்தார். பிறகு, பல வருடங்களில் முதல் தடவையாக, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சோறும் மோர்க்குழம்பும் என்றேன். ஒருத்திக்கு எப்படிச் சமைப்பாய், மிஞ்சாதா என்றார். மிஞ்சும் என்றேன். அதன்பிறகும் நாங்கள் வெயிலும் மழையும்தான் பேசுகிறோம். ஆனால் அவர் “காத்து கொஞ்சம் ஜாஸ்தி” என்றால், “எங்க இருந்தீங்க அப்ப?” என்று நான் கேட்கிறேன்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு எட்மண்டனுக்குப் போனேன். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் போகவேண்டும். அன்று ரயில்கள் தாமதம். பனியும் மழையும் கலந்து பெய்தது. அவர் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் பேத்தி. வீடு நிறையச் சாமான், சலவைத் துணி, பால் வாசனை. மகள் அன்பான பெண். “ஆன்ட்டி” என்று கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினாள். பேத்தி அழுதாள். அவர் எழுந்துபோனார். வந்து உட்கார்ந்தார். மறுபடி அழுதாள். மறுபடி எழுந்துபோனார். நாங்கள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, “இப்ப ராவிலயும் படுக்க ஏலாது, பகலிலயும் படுக்க ஏலாது” என்று குறைப்பட்டுக்கொண்டார். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பும் ரயிலில் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு தூரம் அடிக்கடி வரமுடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த கோடையில் மறுபடி எச்சரிக்கை வந்தபோது மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே லீவு சொன்னேன். என் வீட்டில் என்னால் இருக்க முடியாது என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. திரைகளை மூடி, ஜன்னல்களைச் சாத்தி, தண்ணீர் பாட்டிலையும் ஒரு டப்பா தயிர்சாதத்தையும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் டவுனில் இருக்கும் நூலகத்துக்குப் போனேன். அங்கே குளிரூட்டி உண்டு.

எனக்கு முன்பே ஆட்கள் வந்திருந்தார்கள். துணித்தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு உறங்கினார். ஒரு கறுப்பினப் பெண்மணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். தோட்டக்கலைப் புத்தகங்களின் பக்கம் ஒரு சீனத்து அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார், அந்த வெயிலில். யாரும் யாரோடும் சேர்ந்து வந்தவர்கள் இல்லை. யாருமே படிக்க வந்தவர்களும் இல்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்தபோது கைப்பைப் பெண்மணி நிமிர்ந்து பார்த்து, மேல்மாடியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் மேல்மாடிதானாம். தன் பையை நகர்த்தி எனக்கு மேசையில் இடம் விட்டார்.

மத்தியானம் நூலகப் பெண் ஒரு ஜாடியில் தண்ணீரும் காகிதக் கோப்பைகளும் கொண்டுவந்து வைத்தாள். பெரியவரைத் தோளில் தொட்டு எழுப்பி ஒரு கோப்பை கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மறுபடி உறங்கினார். வெளியே கண்ணாடிக்கு அப்பால் கடைத்தெரு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மூடும் நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்தோம். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். வாசல் கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அவரவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தோம்.